இரண்டு புள்ளிகளின் கணக்கு



2025ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், திங்கட்கிழமை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் பாடம். வகுப்பறைக்குள் நுழைந்ததும் ஒன்றும் பேசாமல் வெண்பலகையில் மூன்று எண்களை எழுதினேன்: 423, 421, 410.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் துள்ளி எழுந்தான். "நோரிஸ், வெர்ஸ்டாப்பன், பியாஸ்திரி ஐயா!" முந்திய இரவு, மலேசிய நேரம் ஒன்பது மணிக்குத் தொடங்கிய அபுதாபி பந்தயத்தை அவன் தந்தையுடன் அமர்ந்து முழுமையாகப் பார்த்திருக்கிறான். அப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். மூன்றாவதாக வந்தவர் லாண்டோ நோரிஸ். ஆயினும் ஃபார்முலா 1 உலக வெற்றியாளர் பட்டம் நோரிசுக்கே கிடைத்தது. ஆண்டு முழுவதும் நடந்த 24 பந்தய வாரங்களின் கூட்டுத்தொகையில் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு இரண்டே புள்ளிகள்.

அறியாத அன்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் பத்து இடங்களைப் பிடிப்போருக்குப் புள்ளிகள் உண்டு. முதலிடத்துக்கு 25, அடுத்து 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 என இறங்கும். ஆக, இரண்டு புள்ளிகள் என்பது ஒன்பதாம் இடத்தின் மதிப்பு. ஒன்பதாவதாக வந்தவரை எவரும் படம் எடுப்பதில்லை, மாலை அணிவிப்பதில்லை. ஆனால் ஓர் உலகப் பட்டத்தின் எடை அந்த ஒன்பதாம் இடத்தின் எடைதான்.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதன்று. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் செப்பாங் பந்தயத் தடத்தில் முதன்முறையாக ஃபார்முலா 1 நடைபெற்றபோது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். நுழைவுச்சீட்டு வாங்கப் பணம் ஏது? விடுதிக் கூடத்தின் தொலைக்காட்சி முன் இருபது பேர் தரையில் அமர்ந்து பார்த்தோம். அவ்வாண்டு ஜூலையில் சில்வர்ஸ்டோனில் கால் முறிந்து ஓய்வில் இருந்த மைக்கல் ஷூமாக்கர், செப்பாங்கில்தான் மீண்டும் களம் இறங்கினார். முன்வரிசையில் முதலாவதாகப் புறப்பட்டும், தம் அணித்தோழர் எடி எர்வைனுக்கு வழிவிட்டு அவரை வெல்லச் செய்தார். பந்தயம் முடிந்தபின் ஃபெராரி அணியின் இரு கார்களும் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. மேல்முறையீட்டில் அவ்வெற்றி மீண்டது. அத்தனைக்கும் பிறகு ஆண்டிறுதியில் பட்டம் வென்றவர் மிக்கா ஹக்கினன். அவர் பெற்றது 76 புள்ளிகள்; எர்வைன் பெற்றது 74. அன்றும் இரண்டே புள்ளிகள்!

சரி, 2025இல் அந்த இரண்டு புள்ளிகள் எங்கே போயின? மாணவர்களை இக்கேள்வியோடு தேட விட்டேன்.

பலருக்கும் தெரிந்த விடைகள் நோரிஸ் பக்கம் இருந்தன. ஆகஸ்டு இறுதியில் நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில் அவர் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது கார் புகைந்து நின்றது. அன்று பியாஸ்திரியைவிட 34 புள்ளிகள் பின்தங்கினார். நவம்பரில் லாஸ் வேகாசில் இரண்டாவதாக வந்தும், காரின் அடியில் பொருத்தப்படும் பலகை 9 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்ததால் தகுதி இழந்தார். நான்காவதாக வந்த அவருடைய அணித்தோழர் பியாஸ்திரிக்கும் அதே கதி. தேய்மானம் தலைமுடி அளவுதான். ஆனாலும் விதி விதிதான்.

வெர்ஸ்டாப்பன் பக்கம் இருந்த விடையே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. ஜூன் 1ஆம் நாள், பார்சிலோனா. பந்தயம் முடியும் தறுவாயில் ஜார்ஜ் ரசலுக்கு வழிவிடுமாறு அணி அவரைப் பணித்தது. சினம் தலைக்கேறிய நிலையில் அவருடைய கார் ரசலின் காரோடு மோதியது. பத்து விநாடி தண்டனை. ஐந்தாம் இடம் பத்தாம் இடமாயிற்று. பத்துப் புள்ளிகள் பெற வேண்டியவர் ஒரே ஒரு புள்ளியோடு வீடு திரும்பினார். அது நடந்திருக்கக் கூடாது என்று மறுநாள் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்டு இறுதியில் முதலிடத்தைவிட 104 புள்ளிகள் பின்தங்கியிருந்த அதே மனிதர், மலையேறுவதுபோல் ஏறி ஏறி இறுதி நாளில் இரண்டு புள்ளி இடைவெளிக்கு வந்துவிட்டார். அந்த இரண்டும் கிடைத்திருந்தால் இருவரும் 423இல் நின்றிருப்பர். அவ்வாறு நேர்ந்தால் அதிகப் பந்தயங்களில் வென்றவருக்கே பட்டம். வெர்ஸ்டாப்பன் வென்றவை 8. நோரிஸ் வென்றவை 7. ஜூன் மாதத்து ஒரு நொடிச் சினம் டிசம்பரில் கணக்குக் கேட்டது.

அன்பர்களே, இதை எழுதுகின்ற நான் பந்தயப் பித்தன் அல்லன். பல ஆண்டுகளாக இச்செய்திகளை ஏறெடுத்தும் பாராமல் இருந்தவன். மீண்டும் என்னை இதன்பால் இழுத்தவன் என் முன்னாள் மாணவன் ஒருவன். என் கணக்கிலும் ஒரு நொடி இருக்கிறது. அதைச் சொல்லவே இத்தனை நீட்டி முழக்கினேன்.

2019ஆம் ஆண்டு அவன் என்னிடம் ஐந்தாம் ஆண்டில் பயின்றான். எங்களுடையது சிறிய தமிழ்ப்பள்ளி. அவ்வகுப்பில் பதினான்கு பேர். ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் தரவரிசைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது என் வழக்கம். பதின்மூன்று அல்லது பதினான்கு. இவ்விரண்டில் ஒன்றே அவன் இடம். கட்டுரை நூலில் மோட்டார் சைக்கிள் படம் வரைவான். ஒருநாள் அவ்வாறு வரைந்துகொண்டிருந்தவனைப் பார்த்து, வகுப்பறை முழுக்கக் கேட்கும்படி, "உனக்கெதற்குப் பாடப்புத்தகம்? நீ ரோட்டில் மோட்டார் ஓட்டத்தானே போகிறாய்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 தீபாவளிக்கு மறுநாள், அவனுடைய தாயார் தொலைபேசியில் அழைத்தார். தீபாவளிக்கு முந்திய இரவு நண்பர்களோடு நெடுஞ்சாலைக்குச் சென்றிருக்கிறான். பொறியைத் திருத்தியமைத்த கப்சாய் மோட்டார். இருக்கையில் குப்புறப் படுத்து ஓட்டும் அந்தப் பாழாய்ப்போன விளையாட்டு. வலது மேற்கை எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து தகடு வைக்கப் போகிறார்கள். "உங்க பேச்சைக் கேட்பான் சார், ஒரு தடவை வந்து பாருங்க," என்று அழுதார். என் பேச்சை அவன் எப்போதோ கேட்டுவிட்டான் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது.

அக்டோபர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பார்வை நேரத்தில் மருத்துவமனைக்குச் சென்றேன். கையில் முறுக்குப் பொட்டலம். அவன் இடக்கையில் கைப்பேசியைப் பிடித்தபடி செப்பாங் மோட்டோ ஜிபி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபார்முலா 1 செப்பாங்கை விட்டுப் போனது 2017இல். மோட்டார் சைக்கிள்கள் மட்டும் ஆண்டுதோறும் வருகின்றன.

"வணக்கம் ஐயா," என்று எழ முயன்றான்.

"படுத்துக்கொள் தம்பி. தேர்வுக்கு ஆயத்தமா?" என்றேன், வேறு என்ன பேசுவது என்று அறியாமல்.

ஐந்தாம் படிவ மாணவன். எஸ்.பி.எம். தேர்வு அடுத்த வாரம் தொடங்கவிருந்தது. "எழுதப் போவதில்லை ஐயா. எழுதும் கையே இதுதானே," என்று கட்டைக் காட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் புத்தாண்டுக்குள் மோட்டார் ஓட்டிவிடுவேன். மார்க் மார்க்கேஸ் நான்கே நாளில் ஓட்டினார் தெரியுமா?" என்றான்.

தெரிந்திருந்தது. முந்திய இரவு அதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். 2020 ஜூலை 19ஆம் நாள் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் மார்க்கேசுக்கும் இதே வலது மேற்கை எலும்புதான் முறிந்தது. 21ஆம் நாள் அறுவை சிகிச்சை. 25ஆம் நாள் அவர் மீண்டும் அதே தடத்தில் வண்டியேறினார். உலகமே வியந்தது.

"அதற்குப் பிறகு என்ன நடந்தது, சொல்," என்றேன்.

அவன் பேசவில்லை. நான் சொன்னேன். வலி தாளாமல் அன்றே விலகினார். எலும்பைப் பிடித்திருந்த தகடு பழுதடைந்து ஆகஸ்டில் இரண்டாம் அறுவை சிகிச்சை. டிசம்பரில் மூன்றாவது. 2022 ஜூனில் அமெரிக்காவில் நான்காவது. திருகிச் சேர்ந்திருந்த எலும்பை அறுத்துத் திருப்பிப் பொருத்தினார்கள். 2019இல் பட்டம் வென்றவர் மீண்டும் வெல்ல ஆறு ஆண்டுகள் ஆயின. 2025 செப்டம்பர் 28ஆம் நாள், ஜப்பானின் மோட்டேகியில் பட்டம் உறுதியானது. ஒரே வாரந்தான் கழிந்தது. இந்தோனேசியாவின் மண்டாலிகாவில் வேறொருவர் பின்னாலிருந்து மோதி வலது தோள் மீண்டும் அடிபட்டது.

"இன்று செப்பாங்கில் அவர் ஓட்டுகிறாரா?" என்றேன்.

"இல்லை ஐயா. வீட்டில் இருக்கிறார். தம்பி அலெக்ஸ்தான் ஓட்டுகிறார்."

"பார்த்தாயா? நான்கு நாளில் ஓடி வந்தவர் இப்போது ஏன் வரவில்லை?"

அவன் மறுமொழி கூறுமுன் கைப்பேசியில் சிவப்புக் கொடி. மோட்டோ 3 பந்தயம் தொடங்குவதற்கு முன்பே, தொடக்க வரிசைக்குச் செல்லும் சுற்றில், அவ்வாண்டுப் பட்டத்தை ஏற்கெனவே வென்றிருந்த ஹோசே அந்தோனியோ ருவேடாவும் சுவிட்சர்லாந்தின் நோவா டெட்வைலரும் மோதிக்கொண்டனர். இருவரையும் வானூர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். டெட்வைலருக்கு வயது இருபது. நாங்கள் இருந்த கட்டிலுக்கும் அந்தத் தடத்துக்கும் இடையே அதிகத் தொலைவில்லை. இதே செப்பாங்கில் 2011ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் மார்கோ சிமோன்செல்லி தமது இருபத்து நான்காம் வயதில் உயிரிழந்ததை இருவருமே நினைத்திருக்க வேண்டும். இருவரும் அதைப் பேசவில்லை.

டெட்வைலர் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் பிழைத்துக்கொண்டார். மருத்துவர் ஆயத்தமாய் இருந்தார், வானூர்தி காத்திருந்தது, கொடி காட்டுவோர் ஒவ்வொரு வளைவிலும் நின்றனர். அப்படியும் மயிரிழையில்தான் உயிர் தப்பியது. "உன்னை யார் தூக்கினார்கள்?" என்று கேட்டேன். "தெரியவில்லை ஐயா. யாரோ ஒரு லாரிக்காரராம். கூட வந்தவர்கள் போலீசுக்குப் பயந்து போய்விட்டார்கள்," என்றான்.

சிறிது நேரம் கழித்து, முறுக்கை ஒடித்துக் கொடுத்தபடியே, அந்தப் பழைய பேச்சை எடுத்தேன். "ஐந்தாம் ஆண்டில் உன்னிடம் ஒன்று சொன்னேன், நினைவிருக்கிறதா?"

"மோட்டார் ஓட்டத்தானே போகிறாய் என்றீர்களே, அதுவா ஐயா?" என்று உடனே கேட்டான். ஆறு ஆண்டுகளில் ஒரு சொல்கூட மாறவில்லை. "நீங்கள் விளையாட்டுக்குச் சொன்னீர்கள்," என்று அவனே எனக்காகச் சமாதானம் கூறினான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் சொன்னது தவறு. அன்றைக்கே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்," என்றேன். அவன் பதறிப்போய், "ஐயா, அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்," என்று கதவுப் பக்கம் பார்த்தான். பார்வை நேரம் முடிந்ததாகத் தாதி வந்து சொன்னார். அன்று மாலை அலெக்ஸ் மார்க்கேஸ் செப்பாங்கில் வென்றதாகவும், ஆண்டுப் பட்டியலில் அண்ணனுக்கு அடுத்த இடம் அவருக்கே என்றும் குறுஞ்செய்தி அனுப்பினான். இடக்கையால் தட்டியதால் எழுத்துப் பிழைகள் மிகுதி. திருத்த மனம் வரவில்லை.

அன்றிரவு முதல் நான் பந்தயச் செய்திகளைத் தேடித் தேடிப் படிக்கலானேன். முதலிடம் பிடித்தவர்களின் கதையை அல்ல. பட்டியலின் கீழே கிடந்தும் களத்தை விட்டு அகலாதவர்களின் கதையை.

நிக்கோ ஹல்கென்பெர்க் 2010இல் ஃபார்முலா 1க்கு வந்தவர். 2019இன் முடிவில் இடமிழந்து, மாற்று ஓட்டுநராகச் சில முறை வந்துபோய், 2023இல்தான் மீண்டும் நிலையான இடம் பெற்றார். 2025 ஜூலை 6ஆம் நாள் சில்வர்ஸ்டோனில் மழையில் பத்தொன்பதாம் இடத்திலிருந்து புறப்பட்டு மூன்றாவதாக வந்தார். அது அவருடைய 239ஆவது பந்தயம். வெற்றி மேடையில் அவர் கால் வைத்தது அதுவே முதன்முறை.

போலந்தின் ராபர்ட் குபிட்சா 2008இல் கனடாவில் வென்றவர். 2011 பிப்ரவரியில் இத்தாலியில் நடந்த ஒரு ரேலியில் அவருடைய வலக்கை கிட்டத்தட்டத் துண்டாகியது. எட்டாண்டுகள் கழித்து 2019இல் ஃபார்முலா 1க்குத் திரும்பியவர் அவ்வாண்டு முழுவதும் பெற்றது ஒரே ஒரு புள்ளி. அவருடைய வில்லியம்ஸ் அணி அவ்வாண்டில் பெற்ற புள்ளியும் அது ஒன்றுதான். 2021 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் முன்னணியில் இருந்த அவருடைய கார் கடைசிச் சுற்றில் நின்றுபோனது. 2025 ஜூனில் மஞ்சள் நிற ஃபெராரியில் அதே லெ மானில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றார். இறுதிக் கட்டத்தை ஓட்டியவரும் அவரே. 2021இல் உடன் தோற்ற சீனாவின் யே யீஃபெயும் அவருடன் இருந்தார்.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர். 2005 ஜூன் 19ஆம் நாள் இண்டியானாபொலிசில் டயர்ச் சிக்கலால் பதினான்கு கார்கள் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டன. எஞ்சிய ஆறில் ஒன்றை ஓட்டி நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். 'ஆறு பேரில் நான்காவதுதானே' என்று கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். இன்று அப்படிப் பேச நா எழவில்லை. களத்தில் நின்றவருக்குத்தானே புள்ளி?

இருப்பினும் ஒன்றை மறைக்கக் கூடாது. நிலைத்து நின்றால் வெற்றி உறுதி என்று மாணவர்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் நாஸ்கார் முதன்மைத் தொடரில் 2025 வரை அறுபது வெற்றிகள் பெற்றிருந்த டென்னி ஹாம்லின், அதுவரை இருபது ஆண்டுகளாகப் பட்டம் காணாதவர். 2025 நவம்பர் 2ஆம் நாள் ஃபீனிக்சில் நடந்த இறுதிப் பந்தயத்தில் 208 சுற்றுகள் முன்னணியில் இருந்தார். மூன்று சுற்றுகள் எஞ்சியிருக்கையில் வேறொருவரின் டயர் வெடித்து எச்சரிக்கைக் கொடி காட்டப்பட, எல்லாம் தலைகீழானது. ஒரு சுற்றில்கூட முன்னணியில் இராத கைல் லார்சன் பட்டத்தைக் கொண்டுபோனார். இதுவும் வாழ்க்கைதான். ஆனால் 208 சுற்றுகளை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே அவனுடைய இடைநிலைப்பள்ளிக்குச் சென்று பேசினேன். கை முறிந்த மாணவர், தேர்வு வாரியத்தின் அனுமதியுடன், தாம் சொல்லச் சொல்லப் பிறர் எழுதும் முறையில் தேர்வுக்கு அமரலாம். படிவங்கள், மருத்துவரின் கடிதம், கையொப்பங்கள் என அலைச்சல் கொஞ்சமல்ல. அவனை இணங்க வைப்பது அதனினும் பெரும்பாடு. "எப்படியும் கடைசி இடம்தானே ஐயா," என்றான். குபிட்சாவின் அந்த ஒற்றைப் புள்ளியைச் சொன்னேன். நெடுநேரம் கழித்து, "சரி, தமிழ்த்தாளுக்காவது அமர்கிறேன்," என்றான். இறுதியில் எல்லாத் தாள்களுக்கும் அமர்ந்தான். என்ன பெற்றான் என்பதை இங்கு எழுதப் போவதில்லை. அது அவனுக்குச் சொந்தமானது.

டிசம்பர் 8ஆம் நாள் வகுப்புக்குத் திரும்புகிறேன். பார்சிலோனாவின் ஒன்பது புள்ளிகளை மாணவர்கள் கண்டுபிடித்துக் கைதட்டிய பின், முன்வரிசை மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "ஐயா, அவருக்கு ஜூன் மாதத்திலேயே இது தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார், இல்லையா?"

"தெரியாதம்மா. அப்போது யாருக்கும் தெரியாது," என்றேன்.

பாடம் முடிந்து மாணவர்கள் ஓய்வுக்குச் சென்றதும், சுவரில் ஒட்டியிருந்த தரவரிசைப் பட்டியலைக் கழற்றினேன். ஒட்டுநாடா காய்ந்து சுவர்ப்பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது. அவ்விடம் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது.

மீண்டும் சந்திப்போம். சாலையில் பையப் போங்கள், அன்பர்களே.